குனிந்ததால் நகராத லென்ஸ்

பெஹாலாவில் என் மனைவிக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்த மூன்றாம் வாரம், பூஜை விளக்கு இரண்டாகத் தெரிகிறது என்றாள். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கூட்டிப் போனேன். உள்ளே வைத்த லென்ஸ் நகர்ந்துவிட்டதாம்.

“குனிஞ்சீங்களா?”

“சாமிக்கு விழுந்து நமஸ்காரம் பண்ணினேன். தினமும் பண்றதுதான்.”

“அப்புறம் நாங்க என்ன பண்றது?”

திரும்பும் பஸ்ஸில் அவளைக் குறைசொல்ல நானும் சேர்ந்துகொண்டேன். “ஏன்டி, உன் சாமி ஒரு மாசம் பொறுக்க மாட்டாரா?”

“சாமி முன்னாடி குனியாம அந்த டாக்டர் முன்னாடியா குனியறது?” என்றாள். ஆனால் மறுநாளே நமஸ்காரம் நின்றது. தன் பக்தியே தன் கண்ணைக் கெடுத்தது என்று நம்பி, நான்கு மாதம் நின்றபடியே கும்பிட்டாள். குழம்பில் உப்பு கூடினால்கூட நான் அந்த நமஸ்காரத்தைச் சொல்லிக் காட்டினேன்.

பார்வை இன்னும் மோசமாகவே, ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக்கில் வேறொரு டாக்டரிடம் போனோம். இளம்பெண். பழைய காகிதங்களைக் கேட்டார். எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எல்லாம் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். ஆபரேஷன் அன்று தந்த காகிதமும் குங்குமம் பட்டு, மடிப்புக் கலையாமல் அங்கேதான் இருந்தது. இங்கிலீஷ் கிறுக்கல், நான் படித்ததே இல்லை.

அவர் இரண்டு முறை படித்தார். “மாஷிமா,” என்று வங்காள வழக்கப்படி சித்தி முறை வைத்து அவளைக் கூப்பிட்டார். “நீங்க குனிஞ்சதால இல்ல. லென்ஸ் உட்கார்ற பையைப் பிடிச்சிருக்கிற இழைங்க ஆபரேஷன்லயே அறுந்திருக்கு. லென்ஸ் நகரலாம்னு அவங்களே இதுல எழுதியிருக்காங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெஹாலா டாக்டர் தெரிந்துகொண்டே சாமி மேல் பழி போட்டிருக்கிறான்!

அந்த லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைத்தார். பழைய பையை நம்ப முடியாததால், கண்ணின் வெள்ளைச் சுவரில் இரண்டு சின்னச் சுரங்கம் போட்டு, லென்ஸின் மெல்லிய கால்களை அவற்றில் செருகிவிடுவார்களாம். “தையல் போட்டா நூல் என்னைக்காவது அறுந்துபோகலாம், மாஷிமா. இதுல நூலே இல்ல.”

இனி குனியலாம் என்று அவர் சொன்ன அன்று, அவள் சாமி முன் விழுந்து எழுந்தாள். “விளக்கு ஒண்ணுதான் தெரியுது.”

மறுநாள் காகிதத்தோடு பெஹாலா டாக்டரிடம் போனேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “இப்பதான் சரியாயிடுச்சே, விடுங்க.”

எதை விடுவது? நான்கு மாதம் அவளைச் சாமி முன்னால் குற்றவாளியாக நிறுத்தினீர்களே என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பாதி கத்தல் எனக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில், காகிதத்தைப் படத்துக்குப் பின்னால் செருகப் போனேன்.

“இனிமேலாவது படிச்சுட்டு வைங்க,” என்றாள்.