ஒன்றரை அடி

தெரியாமல் செய்த பிழை ஒன்று இருபது ஆண்டுகளாகத் தன் ஆட்களுக்கே நன்மை செய்திருந்தால், அது தெரியவந்த நாளில் ஒரு மனிதன் என்ன செய்வது? பல்கலைக்கழக மைதானத்துக்குக் கோடு போடுகிறவரின் வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் வந்து மாட்டிக்கொண்டது.

"சுண்ணாம்பண்ணே" என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆண்கள் கால்பந்து அணியின் வரலாற்றில் ஒரு புதிர் உண்டு. சொந்த மைதானத்தில் பெனால்டி தவறுவதே அபூர்வம். வெளியூர் போனால் பந்து மேல்கம்பத்தைத் தாண்டிப் பறக்கும். காற்று, ஷூ, பஸ்ஸில் போன அலுப்பு என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போனார். பந்து வைக்கும் புள்ளியை யாரும் சந்தேகப்படவில்லை, அதைக் குறித்தவர் உட்பட. கோல் கோட்டிலிருந்து பதினோரு மீட்டர். அதற்கென்று இரண்டு முனையிலும் முடிச்சிட்ட நூல் கயிறு ஒன்று அவரிடம் இருந்தது.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கோப்பையின் இறுதியாட்டம் முதல்முறையாக அந்த மைதானத்துக்கு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, தையல் வேலை பார்க்கும் மனைவி புதுத் துணியை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"புதுசை எதுக்கு நனைக்கிற?"

"நூல் துணி சுருங்கும். நனைச்சுக் காயவச்சுதான் வெட்டணும். இத்தனை வருஷமா இந்த வீட்டுல என்னத்தைப் பார்த்தீங்க, என் மூஞ்சியையா?"

அவர் சிரிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுண்ணாம்பு அப்பிக் கிடந்த கயிற்றை வெந்நீரில் ஊறப்போட்டு அலசியது நினைவுக்கு வந்தது. அவ்வளவு சுத்தக்காரர். மனைவியின் அளவு நாடாவை எடுத்துப்போய்க் கயிற்றை மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் பதினோரு மீட்டருக்கு ஒன்றரை அடி குறைந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னார். அவள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள்.

"பெனால்டி அடிக்கிறது உங்க அக்கா பையன்தானே? அவன் காதுலயாவது போட்டுடுங்க."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

மூன்று நாளும் மருமகன் பெனால்டி அடித்துப் பழகினான். "கப்பு வந்தா உங்க தலையிலதான் முதல்ல கவுக்கப்போறேன் மாமா!" என்றான்.

"முதல்ல லேஸைக் கட்டுடா."

காலடி பட்டுப் புள்ளி அழிந்தபோதெல்லாம் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார். ஆட்டத்தன்று காலையில் மட்டும், யாரும் வருவதற்கு முன்னால், அந்தக் குட்டை நாடாவை எட்டு முறை நகர்த்தி அளந்து, சரியான பதினோரு மீட்டரில் புதுப்புள்ளி வைத்தார். பழையதைச் சுரண்டி மண் தூவினார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்தது. கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. மருமகன் கால் பழகியபடியே உதைத்தான். பந்து மேல்கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போயிற்று. கூடுதல் நேரத்தில் எதிரணி ஜெயித்தது.

மறுநாள் அவன் மைதானத்துக்கு வந்தான். அத்தை எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"புள்ளியை மாத்தினது நியாயம்தான் மாமா, அதைக் கேக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூணு நாள் அங்கேருந்து அடிச்சுப் பழகியிருப்பேன். ஏன் சொல்லல?"

அவர் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். கட்டி போகும்வரை கலக்கினார்.

"சாப்டியாடா?" என்றார்.

ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் அவ்வளவுதான்.