முயலுக்கென்று சொன்ன பொய்

ஒஸ்லோவில் அக்காவின் ஐந்து வயது மகள் ஆரணிக்கு டொன்சில் எடுத்த அன்று, நான்தான் கெட்டிக்காரத்தனமாக ஒரு பொய் சொன்னேன்: “ஒப்பரேஷன் உன்ர துணிமுயலுக்குத்தான். நீ அதின்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தால் காணும்.”

வழியெல்லாம் அவள் முயலுக்குத் தைரியம் சொன்னாள். தாதி முதலில் முயலின் முகத்தில் மயக்க முகமூடியை வைத்தார். பிறகு, “இனி உன் முறை” என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சித்தி, முயலுக்கெண்டுதானே சொன்னனீங்கள்?”

தாதி முகமூடியை அவள் முகத்தில் வைத்தார். அவள் முயலைக் கட்டிக்கொண்டே மயங்கிப்போனாள்.

அவள் கண் விழித்ததும், “ஒண்டுமில்லையம்மா, எல்லாம் முடிஞ்சுது” என்று கிட்டப் போனேன். அவள் என் பேச்சு கேட்காதபடி முயலின் காதுகளைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்து, கரகரத்த குரலில் அதனிடம் சொன்னாள்: “சித்தியை நம்பாதை.”

உண்மையைச் சொல்லியிருந்தால் பயந்திருப்பாள். ஆனால் அந்தப் பயத்தில் என் கையைப் பிடித்திருப்பாள்.