மாவுப் பானையின் கம்பளி

ஹில்ஸ்பரோ வீட்டில் எனக்கே எனக்கென்று இருந்த இடம் ஹாட் வாட்டர் கப்போர்ட்தான். வெந்நீர் சிலிண்டர் நிற்கும் அந்தச் சின்ன அலமாரி எப்போதும் கதகதப்பாக இருக்கும். தொண்ணூறுகளில் ஆக்லாந்துக்கு வந்த எங்களைப் போன்றவர்கள் அதற்குள்தான் இட்லி மாவைப் புளிக்க வைத்தோம். இப்போது இருக்கும் வீட்டில் அது இல்லை. கேஸ் ஹீட்டர் ஒன்று வெளிச்சுவரில் தொங்குகிறது. எனக்கு அந்த அலமாரியின் மேல் இன்னும் ஏக்கம்தான். நான் மலேசியாவின் ஈப்போக்காரி, மாவு விஷயத்தில் யாரையும் நம்பமாட்டேன். பானையைச் சிவப்புக் கம்பளியில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பது போல உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவேன்.

ஒரு குளிர்காலக் காலையில் திறந்து பார்த்தால், பொங்கி நிற்க வேண்டிய மாவு வைத்தது வைத்தபடி கிடக்கிறது. கம்பளியைக் காணோம். பானையைக் கீழே ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் எஞ்சின் ஆயில் டின்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அன்று மத்தியானம் வீடு நிறைய விருந்தாளிகள் வேறு! கராஜுக்கு ஓடினேன்.

"என்னா வேலை இது? என் கம்பளி எங்க?"

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் கத்தக் கத்த அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போகும். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"கொஞ்சம் பொறும். எண்ணெய் சூடாகுதில்லை. அதுதான் எடுத்தனான்."

அவர் அந்தக் கராஜில் கட்டிக்கொண்டிருந்தது ஒரு விமானம். நிஜ விமானம்தான், இரண்டு பேர் உட்காரலாம். எஞ்சின் மட்டும் எங்கோ மோதி நொறுங்கிய ஜப்பான் கார் ஒன்றினுடையது. ஒடாஹுஹுவில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டில் வாங்கியது. அது ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர்கள் சுழலும். அவற்றின் உள்சூட்டை வாங்கிக்கொண்டு வருவது எண்ணெய்தான். அந்த எண்ணெய் வானத்தில் கொதித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அதைக் குளிரவைக்கும் ஆயில் கூலர் ஒன்றைப் பெரியதாகப் பார்த்து விமானத்தின் வயிற்றுக்கு அடியில் பொருத்திவிட்டார். பறக்கும்போது அது சரி. தரையில் நிற்கும்போதோ, புரொப்பெல்லர் காற்றும் மனுகாவ் துறைமுகப் பக்கமிருந்து வரும் ஊதலும் சேர்ந்து எண்ணெயைச் சூடேறவே விடவில்லை. குளிர்ந்த கெட்டி எண்ணெயோடு முழு வேகம் கொடுத்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்து போகுமாம். ஆயிலை அலமாரியில் வைத்துச் சூடாக்கி ஊற்றிப் பார்த்தார். கூலருக்குள் போனதும் அதுவும் ஆறிப்போனது. அரிசிப் பெட்டி அட்டையை வெட்டிக் கூலரின் வாயை அடைத்தார். அது பறந்து பக்கத்து வீட்டு ரோஜாச்செடியில் போய் விழுந்தது. அதற்கப்புறம்தான் என் கம்பளி.

"வேலை செய்யுதப்பா!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "மாவுக்கு நல்லதெண்டால் எண்ணெய்க்கும் நல்லதுதானே?"

அன்றைக்கு இட்லி கல்லு மாதிரி வந்தது. வந்தவர்கள் பாவம், சாம்பாரில் ஊறப்போட்டு மரியாதையாகச் சாப்பிட்டார்கள். நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆயில் நாற்றம் ஏறின கம்பளியை மறுபடி பானைக்குச் சுற்ற முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே நானே அதைத் தையல் மெஷினில் போட்டுக் கூலருக்கு ஓர் உறையாகத் தைத்துக் கொடுத்தேன். பழைய சாமான் விற்கும் ஒனிஹங்கா ஆப் ஷாப்பில் வாங்கின நீளமான நாடா ஒன்றையும் சேர்த்துத் தைத்தேன்.

உறையோடு மேலே போனால் எண்ணெய் கொதித்து எஞ்சின் நின்றுவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எண்ணெய் போதுமான அளவு சூடானதும் அவர் உள்ளேயிருந்து கட்டைவிரலைக் காட்டுவார். நான் வால் பக்கம் நின்று நாடாவை இழுத்து, உறையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். சிவப்பைக் கண்ட பிறகுதான் அவர் பிரேக்கை விடுவார். இந்த வேலையை அவர் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

தரையில் ஓட்டிப் பார்த்த நாட்களிலெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதல் தடவை பறக்கிற அன்று ஆர்ட்மோர் விமானத் திடலில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. ஐயோ சாமி, இந்த மனுஷன் நிஜமாகவே போகப்போகிறார்! நான் இழுத்தால் போய்விடுவார். அவர் கட்டைவிரலைக் காட்டினார். நான் இழுக்கவில்லை. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து மறுபடி காட்டினார். நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. உள்ளே எண்ணெய்ச் சூடு ஏறிக்கொண்டிருக்கும் என்று எனக்கும் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"பயமா இருக்கோ?"

"ஆமா, பயமாதான் இருக்கு. நீங்க செத்துப் போய்ட்டா இந்தக் குளிர் ஊருல நான் யாரோட சண்டை போடுறது?"

அவர் சிரிக்கவில்லை. "சரி. இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வாதாடியிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். மனுஷனோ எழுந்து போய்ச் சிறகில் ஒட்டியிருந்த புல்லைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"போய்ட்டு வாங்க" என்றேன்.

"உண்மையாத்தானோ?"

"இன்னொரு தடவ கேட்டா மாத்திடுவேன்லா!"

உறையைக் கழற்றி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். எஞ்சின் ஏற்கெனவே சூடு, உறைக்கு இனி வேலையில்லை. என் உதவி இல்லாமலே அவர் போகலாம். ஏறிப் போய் எண்ணெய்ச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தவர் திரும்பி இறங்கி வந்தார். என் அக்குளிலிருந்து உறையை உருவி, குனிந்து, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மறுபடி கட்டினார்.

"சூடாத்தானே இருக்கு? எதுக்கு மறுபடி கட்டுறீங்க?"

நாடாவை என் கையில் கொடுத்தார்.

"நீர் கழட்டினாத்தான் நான் போவன்."

எஞ்சின் உறுமியது. கட்டைவிரல் தெரிந்தது. இழுத்தேன். சிவப்புக் கம்பளியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அவர் திடலை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி வந்து நிற்கும்வரை கையைக் கீழே இறக்கவே இல்லை.