கரடி தின்ற கோபால்சாமியின் சிலோன் பயணம்

கோபால்சாமிக்கு வருடத்துக்கு முப்பது நாள் லீவு உண்டு. பதினோரு வருடமாக அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

காவலூரில், மலைமேல் நட்சத்திரம் பார்க்கும் ஆபீசில் அவன் சமையல்காரன். ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துவிட்டு விடிந்ததும் தூங்கப் போகிற பெரிய படிப்பாளிகள், சாயங்காலம் எழுந்து உப்புமாவைக் காலைப் பலகாரம் என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். அந்தக் கூத்தெல்லாம் அவனுக்குப் பழகிப்போயிருந்தது. பழகாத கேள்வி ஒன்று 1978 தை மாதத்தில் வந்தது. சிலோனில் பத்து நாள் தங்கிவிட்டு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், அரைகுறைத் தமிழில், "லீவுக்கு எங்கே போவாய்?" என்று கேட்டார்.

"ஊர்லதாங்க. சாமை அறுப்புக்கு நிப்பேன்."

"அது வேலை. லீவுக்கு?"

கோபால்சாமி காலித் தட்டை எடுத்துத் துடைத்தான். அவர் சிரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். தென்னை மரம் ஒன்று கடலுக்குக் குனிந்து தண்ணீர் குடிப்பதுபோல நின்றது. அதற்கப்பால் தண்ணீர், இன்னும் தண்ணீர், பிறகு வானம். முப்பத்தெட்டு வயதுக்குள் கோபால்சாமி கண்ட பெரிய தண்ணீர் ஒடுகத்தூர் பக்கத்து ஏரிதான்.

அன்றைக்கு அவனுக்கு ஆசை பிடித்தது. கூடவே வெட்கமும் பிடித்தது. அவன் ஊரான புளியங்கொல்லையில் யாரும் காரணமில்லாமல் மலை இறங்கியது கிடையாது. கல்யாணம், இழவு, வேண்டுதல், புளி வியாபாரம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் கால் செருப்பைத் தேடும். படத்தைக் காட்டியபோது அவன் மனைவி மாதம்மாளும் அதைத்தான் கேட்டாள்.

"அங்க யாரு செத்தாங்க?"

"யாரும் சாவல. சும்மா போய்ட்டு வர்றது."

"சும்மான்னா?"

"தண்ணிய பாக்கறது."

"தண்ணிய பாக்க வேற நாட்டுக்குப் போறோம்னா உங்க அண்ணி வவுத்தப் புடிச்சுக்கினு சிரிப்பாங்க மாமா."

மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு கட்டு. புதூர் நாடு, புங்கம்பட்டு நாடு என்று இருக்கும். மாதம்மாளுக்குச் சிலோனும் அப்படி ஒன்றுதான், கொஞ்சம் ஈரமான நாடு.

ஆகவே யாருக்கும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் இருந்த அண்ணன் சக்கரவர்த்திக்கும் அண்ணி பெரியம்மாளுக்கும்கூடச் சொல்லவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள்தான். வாழ்நாளில் அவர்களிடம் அவன் மறைத்த முதல் காரியம் இதுவே.

ஆபீஸ் குமாஸ்தா ராஜவேலு, பாஸ்போர்ட்டுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தார். திருவண்ணாமலையில் ரயில் ஏறு, விழுப்புரத்தில் மாறு, ராமேஸ்வரத்தில் கப்பல் என்று வழியும் சொன்னார். ஒடுகத்தூர் ஸ்டூடியோக்காரனின் கோட்டைப் போட்டுக்கொண்டு கோபால்சாமி போட்டோ எடுத்துக்கொண்டான். ஒரு இரும்புப் பெட்டி, ஒரு கறுப்புக் கண்ணாடி, மாதம்மாளுக்கு ஒரு நைலக்ஸ் புடவை, இரண்டு சந்தன சோப்பு வாங்கினான். எல்லாம் பரண்மேல் சாமை மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தன. மனு மெட்ராசுக்குப் போயிற்று. அது அங்கிருந்து போலீசுக்கு வரும் என்பதை மட்டும் ராஜவேலு சொல்ல மறந்துவிட்டார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் சக்கரவர்த்தி மரத்தின் மேல் நின்று புளி உலுக்கிக்கொண்டிருந்தார். ஏட்டு தசரதன் காக்கிச் சட்டையோடு மூச்சிரைக்க மேடேறி வருவது தெரிந்தது. முதல் வீட்டில் நின்று, கோபால்சாமி வீடு எது என்று அவர் கேட்டதும் காதில் விழுந்தது. மலைக்குக் காக்கி ஏறினால் அது சந்தன மரம் திருடினவனைத் தேடித்தான். சக்கரவர்த்தி சறுக்கி இறங்கி, குறுக்கு வழியில் ஓடி வந்து தம்பியின் கையைப் பிடித்தார்.

"இன்னாடா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலண்ணே."

"போலீஸ் வந்து நிக்கிறான், ஒண்ணும் பண்ணலங்கறான். ஏறுடா பரணுக்கு. மூச்சு வுடாத."

கோபால்சாமி ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினான்.

ஏட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குள் ஊரே கூடிவிட்டது. "கோபால்சாமி, தகப்பன் பேரு ரங்கன். எங்க அவரு?"

"அப்பிடி யாரும் இங்க கெடையாதுங்க" என்றார் சக்கரவர்த்தி.

ஏட்டு போட்டோவை நீட்டினார். பெரியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தொரையாட்டம் கீறாரு. எங்க மலையில கோட்டு ஏதுங்க?"

"ரேஷன் கார்டுல பேரு கீதேம்மா. பயப்படாதீங்க. மெட்ராசுக்கு பாஸ் கேட்டு எழுதிப் போட்டிருக்காரு. ஏதோ பாஸ்போர்ட்டாம். அதான் விசாரிக்கச் சொல்லி வந்துகீது."

பரணில் கோபால்சாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கீழே எல்லாருக்கும் வேறு விதமாக விளங்கியது. மலையில் பாஸ் என்றால் காட்டு மரத்தை வண்டியில் இறக்க ஆபீசர் தரும் சீட்டு. அதை மெட்ராஸ் வரைக்கும் எழுதிக் கேட்டிருக்கிறான் என்றால், வெட்டியது ஒரு மரமா, ஒரு லாரியா?

சக்கரவர்த்தி தொண்டையைக் கனைத்தார். "மறைக்க வாணாங்க. என் தம்பிதான். செத்துப்போய்ட்டான்."

"எப்ப?"

"மனு போட்டதுக்கு அப்பறந்தாங்க."

"எப்பிடி?"

"கரடிங்க."

"பாடி?"

"மிச்சம் வெக்கலீங்க."

எவ்வளவு பெரிய கரடி என்று ஏட்டு கேட்டிருக்க வேண்டாம். சக்கரவர்த்தி கையை உயர்த்தினார். போதவில்லை. கட்டில்மேல் ஏறி நின்று உயர்த்தினார். ஏட்டு தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு தொடங்கினாள். பொய்க்குத்தான் ஆரம்பித்தாள். இரண்டாம் அடியிலேயே கண்ணீர் நிஜமாக வந்துவிட்டது.

"நான் சோறூட்டி வளத்த ராசாவே! எனக்குத் தெரியாம ஒரு வாய் கூழு குடிக்காத ராசாவே! ஒளிக்கத் தெரியாத உன்ன ஒளிச்சுக்கினு போச்சே கரடி!"

பரண்மேல் கோபால்சாமியின் காது எரிந்தது. இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாஸ்போர்ட் வந்துவிடும். ஆனால் கட்டில்மேல் நிற்கிற அண்ணன் போலீசுக்குப் பொய் சொன்னவராகிவிடுவார். அந்த ஒரு வார்த்தையும் 'சும்மா' என்பதுதான். இத்தனை பேர் நடுவில், அண்ணியின் கண்ணீருக்கு எதிரே அதை எந்த வாயால் சொல்வது? துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டான். கீழே மாதம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். ஏட்டு அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

விசாரணைத் தாளில் நடத்தை என்ற இடத்தில் 'நல்லவர்' என்றும் அதற்கடியில் 'இறந்துவிட்டார்' என்றும் அவர் எழுதினார். பன்னிரண்டு பேர் மையைத் தொட்டுப் பெருவிரல் வைத்தார்கள். முதல் விரல் சக்கரவர்த்தியுடையது. கோழிக் குழம்பும் சாமைச் சோறும் சாப்பிட்டுவிட்டு, ஒரு பாட்டில் தேனோடு ஏட்டு மலை இறங்கினார்.

"எறங்குடா. கட்டை எங்க?" என்றார் அண்ணன்.

"கட்டையெல்லாம் இல்லண்ணே."

சக்கரவர்த்தி பரணில் தலையை நீட்டி மோந்தார். "சந்தன வாசன மூக்கத் தொளைக்குது. இல்லங்கறான்!" மூட்டைக்குப் பின்னாலிருந்து பெட்டியை இழுத்துக் கீழே இறக்கி, ஊர் பார்க்கத் திறந்தார். இரண்டு சோப்பு. கறுப்புக் கண்ணாடி. மடிப்புக் கலையாத புடவை. தண்ணீர் குடிக்கும் தென்னை மரம்.

கோபால்சாமி சொன்னான். சிலோன் என்றான், கப்பல் என்றான், கடைசியில் "சும்மாதாண்ணே" என்றான். சிரிப்பார்கள் என்று மூன்று மாதமாகப் பயந்திருந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது. பன்னிரண்டு பேரும் தங்கள் பெருவிரலைப் பார்த்தார்கள். சக்கரவர்த்தி போய்ப் புளியைக் கரைத்து விரலைத் தேய்த்தார். மை போகவில்லை.

"சொல்லியிருந்தா வாணாம்னா சொல்லப்போறேன்?" என்றாள் பெரியம்மாள். "சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டு வழிக்குப் புளிச்சோறு கட்டிக் குடுத்திருப்பேன்." மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா கோபாலு, நான் நல்லா அழுதனா?"

"நல்லா அழுதீங்க அண்ணி." தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

மறுபடி எழுதிப் போடலாம் என்று ராஜவேலு சொல்லிப் பார்த்தார். கோபால்சாமி உயிரோடு இருக்கிறான் என்றால் பன்னிரண்டு விரலும் பொய் என்றாகும். "வாணாங்க" என்றுவிட்டான். கறுப்புக் கண்ணாடி, புளி உலுக்கும்போது கண்ணில் தூசி விழாமலிருக்க அண்ணனுக்கு உதவியது. நைலக்ஸ் புடவையை மாதம்மாள் அண்ணிக்கே கட்டிவிட்டாள். கரடி வருடத்துக்கு ஒரு முழம் வளர்ந்தது. ஒடுகத்தூர் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "கரடி தின்ன கோபால்சாமி நீங்கதானா?" என்று அவனைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஏட்டு வந்துபோன அதே வருடம் கார்த்திகையில் அவன் முதல்முறையாக முப்பது நாளும் சேர்த்து லீவு கேட்டான். ராஜவேலு பேனாவைத் திறந்தார். "காரணம் என்னன்னு எழுத?"

"எழவுன்னு போடுங்க."

"அடடா, யாருக்குப்பா?"

"எனக்குத்தாங்க."

ராஜவேலு சிரித்துச் சிரித்து மையைக் கொட்டிவிட்டார். கோபால்சாமி சிரிக்கவில்லை. மேஜையில் பரவிய அந்த மையைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு, அண்ணன் நிலத்தில் சாமை அறுக்கப் போனான்.