சுரங்க வாயில் ஒரு கற்பூரம்

மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே மனைவியோடு பாண்டிக்கு பஸ் ஏறியது என் யோசனைதான். ஒலக்கூர்ப் பக்கத்து வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் காட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் கண்ணுக்கு அலைகடலைக் காட்டினால் என்ன குறைந்துபோகும்? கடற்கரையில் சுண்டல் விற்றவர், "அந்தக் கடைசில வேலிக்காத்தான் புதருக்குப் பின்னாடி ஒரு சொரங்கம் இருக்குது சார். வெள்ளைக்காரன் கட்னது. நேரா கடல்ல போய்த் தொறக்குது. நெறைய பேருக்குத் தெரியாது" என்றார். அவ்வளவுதான், எனக்குக் கால் நிற்கவில்லை.

என் மனைவிக்குத்தான் முகம் செத்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். பாழடைந்து கிடந்த கிணற்றைத் தூர்வார இறங்கிய அவள் அண்ணன் திரும்பி ஏறவில்லை. விஷக்காற்று. எங்கள் பக்கம் மூடிக்கிடந்த கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அன்று மழை வருகிற அவசரத்தில் அவர் அதைச் செய்யவில்லை. அதிலிருந்து இவள் எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்த்ததில்லை.

புதரை விலக்கினால், ஆள் குனிந்து போகிற அளவுக்குச் செங்கல் வளைவு. உள்ளே கும்மிருட்டு. நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாங்க, பைத்தியமா உங்களுக்கு? மூடிக்கினு கெடந்த எடம். நான் பாக்காம ஒரு அடி வைக்கக் கூடாது."

"இது கெணறு இல்லடி, சொரங்கம்."

"எதுவா இருந்தா இன்னா? மூச்சு ஒண்ணுதான?"

கோயிலில் மீந்த கற்பூரத்தையெல்லாம் ஒரு கொட்டாங்குச்சியில் வைத்துக் கொளுத்தி, நீளக் கம்பால் உள்ளே தள்ளினாள். இருவரும் மணலில் குந்தி அதையே பார்த்தோம்.

சுடர் அணையவில்லை. முதலில் எங்கள் பக்கம் சாய்ந்தது. உள்ளேயிருந்து 'ஹோ' என்று ஒரு முழக்கம். பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தது. மறுபடி இந்தப் பக்கம். அடேயப்பா! அந்தக் கோடியில் அலை புகுந்தால் காற்று இங்கே வருகிறது, அலை பின்வாங்கினால் உள்ளே போகிறது. இத்தனை வருஷமாக ஒருத்தரும் எட்டிப் பார்க்காமலேயே இந்தச் சுரங்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நான் வாய் பிளந்து நிற்கையில், அவள் எனக்கு முன்னால் குனிந்து உள்ளே போய்விட்டாள்! பதறியடித்துப் பின்னால் ஓடினேன். கொஞ்ச தூரத்தில் சுரங்கம் திரும்பியது, கூரையும் உயர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கோடியில் வட்டமாகக் கடல், வெயிலில் கண் கூசுகிற வெள்ளையாக. ஒவ்வொரு அலைக்கும் தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. இதை மனிதக் கை கட்டியது என்றே என்னால் நம்ப முடியவில்லை.

அவள் கடலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வருகிற காற்றையெல்லாம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"எவ்ளோ காத்துங்க..." என்றாள். "எங்கண்ணனுக்கு இதுல ஒரு வாய் போதுமே."