பெயர் சொல்லாத பெண்

பல தேசங்கள் சேர்ந்து அமைத்த அந்தச் சபையைத் திட்டாத பத்திரிகை அப்போது கோலாலம்பூரில் இல்லை. பெண்களை ஏமாற்றிக் கப்பலேற்றி விற்கிறார்களா என்று விசாரிக்க அது மூன்று பேரை அனுப்பியிருந்தது. வேண்டாத இடத்தில் மூக்கை நுழைக்கிறார்கள் என்று ரப்பர் தோட்டத்துத் துரைமார் எழுதினார்கள். கிளப்பில் தேநீர் குடித்துவிட்டு எல்லாம் சுகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்றது தமிழ்ப் பத்திரிகை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பா இரண்டையும் படித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் திட்டுறான்னா நல்லவங்களாத்தான் இருக்கணும்" என்றார். அப்பா சொன்னது சரி, அவர்கள் நல்லவர்கள்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸில் மிஷன் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். ஆண் மொழிபெயர்த்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று குழுவின் தலைவியான வெள்ளைக்கார அம்மா நினைத்தார். ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார். எங்கள் பாதிரியார் என்னைக் கைகாட்டிவிட்டார். பழம் தின்று கொட்டை போட்ட கோர்ட் துபாஷிகள் எத்தனையோ பேர் இருக்க, என்னைக் கூப்பிட்டார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

விசாரணை கிள்ளான் துறைமுகத்தில் நடந்தது. கப்பலில் வந்த கூலியாட்களை நோய் இருக்கிறதா என்று பார்த்து வெளியே அனுப்பும் முகாம் அங்கே இருந்தது. ஆண் துணையில்லாமல் வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக ஓர் அறைக்குள் அழைப்பார்கள். கூட வந்தவர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. மிரட்டுகிறவன் பக்கத்தில் நின்றால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? தலைவி அவர்களை நாற்காலியில் உட்காரச் சொல்வார். கூலிப் பெண்ணை உட்காரச் சொன்ன துரைசானியை நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் நாள் ஒருத்தி அழுதபோது தன் கைக்குட்டையையே எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் காலை ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்திருந்தது. மொழிபெயர்க்கிற பெண் கூலிகளின் வாயில் தன் வார்த்தைகளைத் திணிக்கிறாள் என்று யாரோ எழுதியிருந்தார். முந்தின நாள் நான் இரண்டு மூன்று இடங்களில் விளக்கம் சொன்னது உண்மைதான். தலைவி என்னைத் தனியே அழைத்தார். "இனி அவர்கள் சொன்ன வார்த்தை மட்டும் போதும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இல்லையென்றால் எங்கள் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது.

அன்று மூன்றாவதாக வந்தவளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. ஆள் பிடிப்பவர்களே கயிறு கட்டி அனுப்புவதுண்டு என்பதால் குழு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு வந்திருந்தாள். அவர்கள் வெளியே நின்றார்கள்.

புருஷன் எங்கே என்று கேட்டேன். "மேரு பக்கம் தோட்டத்துலக்கா. பால்மரம் வெட்டுறாங்க." எந்தத் தோட்டம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெயர் கேட்டேன். அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பயம். யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்வார். ஞாயிறு தவறாமல் ஆராதனையில் பாடுகிற என் அம்மாவே அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அறையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

"நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றாள் மெதுவாக. "மலை மேல கையில கோலோட நிக்கிறாரே, அந்தச் சாமி பேருதான்."

வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த குழுவின் காரியதரிசி எழுதுவதை நிறுத்தினார். சாமியின் பெயரை யாரும் கேட்கவில்லை, கணவனின் பெயரைக் கேள் என்றார். மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னாள், இந்தத் தடவை கண் கலங்கியிருந்தது. "எங்கள் வழக்கத்தில், மேடம்..." என்று ஆரம்பித்தேன். தலைவி ஒரு விரலை உயர்த்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கோபித்திருப்பார், அவ்வளவுதான். நல்ல மொழிபெயர்ப்பாளர் என்ற பேர் போய்விடுமோ என்று பயந்தேன். இதைவிடக் கேவலமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணவனின் பெயர் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். கூட வந்த குடும்பத்தின் பேச்சை எப்படி நம்புவது என்று அவர்களைக் கேட்கவே இல்லை. அவளைக் கோலாலம்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் வைத்து, அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று. "ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டோம்" என்று தலைவி என் தோளைத் தொட்டார். மனதாரத்தான் சொன்னார். வாசலில் மூட்டையோடு நின்றவள், "சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். "ம்" என்றேன்.

நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளே குழு பினாங்குக்குப் புறப்பட்டுவிட்டது. விடுதி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே போய்ச் சொல்லியிருக்கலாம். இன்று போகலாம், நாளை போகலாம் என்று கடைசிவரை போகவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, பள்ளி இடைவேளையில் ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். காக்கி அரைக்கால் சட்டை, மேல்சட்டையெல்லாம் பால்மரக் கறை. கப்பலில் வந்த மனைவியை அழைத்துப்போகத் தோட்டத்தில் லீவு கிடைக்கத் தாமதமாகிவிட்டதாம். முகாமுக்குப் போனபோதுதான் காவல்காரர் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். கப்பல் போய் நாலு நாள் ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு டீச்சரம்மா காசு வாங்காமல் மனு எழுதித் தருவார் என்று யாரோ சொல்லி என்னிடம் வந்திருந்தார். நான் அந்த அறையில் இருந்தது அவருக்குத் தெரியாது.

"வெள்ளைக்காரங்களுக்கு நம்ம வழக்கம் எங்க தெரியப் போவுது? அவங்கள குத்தம் சொல்லல. உள்ள தமிழ் ஆளு யாருமே இல்லியா டீச்சர்?"

"ஒருத்தங்க இருந்தாங்க."

"யாருங்க அது?"

நான் குனிந்து மனுவை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மனு முடிந்ததும், ஊருக்கு அவளுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார்.

"அடுத்த தடவ யாரு கேட்டாலும் என் பேர சொல்லிடச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எழுதுங்க. நானே சொன்னதா எழுதுங்க."

அப்படியே எழுதினேன், கூட்டாமல், குறைக்காமல். கடைசியில் கீழே அவர் பெயரைப் போட வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்து, தெரியாதவளைப் போல, "உங்க பேரு?" என்று கேட்டேன்.