பனிமலையில் காக்கா இல்லை

பைன் மரப் பிசினின் வாசத்தில் எள்ளும் நல்லெண்ணெயும் கலந்து வரும் ஒரு வாசம், தொண்ணூறுகளின் ஒரு ஜூன் மாதத்திலிருந்து இன்னும் என்னை விடவில்லை. எனக்கு ஒன்பது வயது. கலிபோர்னியாவில் நாங்கள் இருந்த மில்பிடாஸிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் மலையேறினால், பத்துப் பன்னிரண்டு மரவீடுகளும் ஒரே ஒரு கடையுமாக அந்தக் கிராமம்.

தாத்தாவை நாங்கள் 'அப்பாரு' என்போம். உடுமலையில் அவர் இறந்தபோது அப்பாவால் போக முடியவில்லை. க்ரீன் கார்டு பாதியில் நின்றது, "இப்ப வெளிய போனா திரும்பி வர முடியாது" என்றுவிட்டார் வக்கீல். பனிமலையைக் காட்டுகிறேன் என்று அப்பாருவுக்கு வாக்குக் கொடுத்திருந்த அப்பா, வருஷத் திதிச் சோற்றை அங்கேயே படைப்பதென்று 'கூலர்' பெட்டியில் சுமந்து வந்தார். காக்கா எடுத்தால்தான் அப்பாரு ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

சிகரங்கள் தலைகீழாய் மிதந்த ஏரிக்கரையில் வைத்தார், காக்கா வரவில்லை. அருவியடிக்குப் போனோம், பிறகு பள்ளத்தாக்கு முழுதும் தெரிகிற மொட்டைப் பாறைக்கு. போன இடமெல்லாம் பேப்பர் தட்டை வைத்து "கா... கா..." என்று அப்பா கூப்பிட, கேமராவும் கையுமாய் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, நம்மூட்டு பால்கனியில வெச்சிருந்தா இந்நேரம் கூட்டமே வந்திருக்குமுங்க. மாமனுக்கு மலையக் காட்டறேன்னு வந்தீங்க, காக்காய்க்கு ஆரு வழி சொல்றது?" என்றார் அம்மா, சிரிக்கவும் முடியாமல்.

"பொறு. தூரத்துல இருந்து வரணுமில்ல."

"அப்பா, ஸ்டாப். எவ்ரிபடி இஸ் லுக்கிங்" என்றேன் நான்.

வனக்காவலரான ஒரு ரேஞ்சர் வந்து, பறவைகளுக்கு உணவிடக் கூடாது என்ற பலகையை மரியாதையாகவே காட்டினார். "மை ஃபாதர்..." என்று தொடங்கிய அப்பா, மேலே சொல்ல வராமல் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். பாறை இடுக்கில் சிந்திய பருக்கைகளை மண்டியிட்டு ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார் அப்பா, கடைசி எள்வரைக்கும்.

போன கோடையில் அதே பாறைக்கு நான் போனேன், அப்பாவின் திதிச் சோற்றோடு. காட்டுத்தீயில் பைன்கள் கரிக்குச்சிகளாகியிருந்தன. கடை இல்லை, மரவீடுகள் இல்லை, அருவி வெறும் ஈரக்கோடு, அந்தப் பலகையும் எரிந்துபோயிருந்தது. தட்டை வைத்தேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். யாராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்றிருந்தது.